ஆவரங்குளத்தில் எரிந்த ஒரே அடுப்பு

கொம்பையாவின் கருணை மனுவைத் தள்ளிவிட்டார்கள், ஆடி கழிந்ததும் தூக்கு என்ற செய்தி மதுரைப் பேருந்தில் வந்து இறங்கி, கடைத்தெருவில் கொஞ்ச நேரம் நின்று, தீப்பெட்டி ஆபீஸ்களைத் தாண்டி, கடைசித் தெருவில் இருந்த அவனுடைய அக்கா முப்பிடாதியின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்த காலையில், ஆவரங்குளத்தில் அடுப்புகள் எரிவதை நிறுத்திக்கொண்டன.

நெருப்பு ஊரை விட்டுப் போய்விடவில்லை. குச்சியை உரசினால் பற்றியது, பீடி புகைந்தது, கோயில் விளக்கு எரிந்தது, தீப்பெட்டி ஆபீஸ்களில் மெழுகு உருகியது, அங்கே செய்த குச்சிகள் லாரி ஏறிப் போய் வேறு ஊர்களில் வேறு ஜனங்களின் உலைகளைக் கொதிக்கவைத்தன. ஆனால் ஆவரங்குளத்துக்காரர் ஒருவர் அதே குச்சியைத் தம் வீட்டு அடுப்புக்குள் நீட்டி, மேலே பானையை ஏற்றியதும், தீ ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவிந்துபோனது. விறகுக்கும் அதே கதை, கேஸுக்கும் அதே கதை. மின்சார அடுப்பு வைத்திருந்தவர்கள் முதலில் கொஞ்சம் மிதப்பாக இருந்தார்கள். கம்பி செக்கச்செவேலென்று சிவந்தது, மேலே இருந்த பால் மட்டும் குளிர்ந்தே கிடந்தது. டீக்கடை மாசானம் பாய்லருக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு மோருதான்" என்று சொல்லி, வந்தவர்களுக்கு மோர் ஊற்றினார்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆவரங்குளத்தில் ஒரு சாவு விழுந்தால், உடலை எடுத்து முடிக்கும்வரை அந்த வீட்டிலும் அவர்களுடைய பங்காளிகள் வீடுகளிலும் அடுப்பு பற்றவைப்பதில்லை. பங்காளி அல்லாதவர்கள் வீட்டிலிருந்துதான் சோறு வரும். ஆகவே அடுப்பு அவிந்தது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டவன் பாதி செத்தவன், அது அடுப்புக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அவர்கள் கேட்டதெல்லாம், நம் வீட்டு அடுப்பு ஏன் அவிந்தது, நாம் எந்த வகையில் கொம்பையாவுக்குப் பங்காளி என்பதுதான்.

"எங்க தாத்தா சாத்தூர்ல இருந்து வந்தவரு. கொம்பையா வகையறாகிட்ட நாங்க தண்ணி வாங்கிக் குடிச்சதுகூட இல்லை. எங்க வீட்ல ஏன் அவியுது?" என்றான் லாரி ஓட்டும் அழகர்.

"உங்க தாத்தா சாத்தூருக்கு எங்கேயிருந்து வந்தாராம்? அதை முதல்ல கேட்டுட்டு வா" என்றார் மாசானம்.

கொம்பையா செய்தது ஊருக்குத் தெரியும். வேலையை விட்டு நிறுத்திய முதலாளியின் மேல் கோபம் கொண்டு, பொழுது சாயும் நேரத்தில், குச்சியும் அட்டையும் அடைத்திருந்த கிடங்கின் பின்பக்க ஜன்னல் வழியாக எரிகிற துணியைப் போட்டவன் அவன்தான். அதை அவனே ஒப்புக்கொண்டான். உள்ளே கணக்குப்பிள்ளை சீனிச்சாமி, தலைவலி என்று மூட்டைகளுக்குப் பின்னால் படுத்திருந்தார். அவர் எழுந்து கதவுக்கு ஓடி வந்தபோது கதவு வெளியே தாழிட்டிருந்தது. உள்ளே ஆள் இருப்பது தெரியாது, கதவுப் பக்கம் நான் போகவே இல்லை என்றான் கொம்பையா. ஆளை உள்ளே வைத்துத் தாழிட்டுவிட்டுத்தான் தீ வைத்தான் என்றது வழக்கு. சீனிச்சாமியின் மனைவி வெயிலுகந்தாள், அன்று சாயங்காலம் அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தவள், "கதவைத் திறந்துதான் போட்டுட்டு வந்தேன்" என்று கூண்டில் ஏறிச் சொன்னாள். அவளுக்குப் பிறகு கிடங்கு இருந்த சந்து வழியே போன ஊர்க்காரர்கள் அத்தனை பேரும், கதவை நாங்கள் தொடவில்லை என்றார்கள். ஊரார் ஒருவரும் தொடவில்லை என்றால் தொட்டவன் கொம்பையாதான். தீ வைத்ததற்கு ஜெயில், தாழ் போட்டதற்குத் தூக்கு என்று மதுரை வழக்கறிஞர் சகாயமேரி முப்பிடாதிக்கு விளங்கும்படி சொல்லியிருந்தார்.

இந்த ஊரின் ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தீப்பெட்டி ஊரில் திறந்து கிடக்கும் கதவு ஆபத்து. காற்று ஒரு பொறியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும், ஆடு போகும், பிள்ளை போகும். அதனால் இங்கே நடக்கப் பழகும் குழந்தையை இடுப்பில் தூக்கிப் பிடித்து, அதன் கையைத் தாழ்ப்பாளில் வைத்து இழுக்கப் பழக்குவார்கள். வளர்ந்த பிறகு அது தானாக நடக்கும். நெருப்போ தீக்குச்சி மருந்தோ இருக்கிற இடத்தை விட்டு வெளியே வந்தாலும் சரி, போகிற வழியில் அப்படி ஒரு கதவு திறந்து கிடந்தாலும் சரி, கை போய்த் தாழை இழுத்துவிடும். வாய் பேசிக்கொண்டிருக்கும், கால் நடந்துகொண்டிருக்கும், போட்டாயா என்று பிறகு கேட்டால் சத்தியமாகத் தெரியாது. இதை நீதிமன்றத்தில் யாரும் சொல்லவில்லை. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்பார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

அடுப்பு அவிந்த ஊரில் சந்தேகம்தான் நன்றாக எரிந்தது. யார் வீட்டுக் கூரையிலாவது புகை வருகிறதா என்று எல்லாரும் மாடியில் நின்று பார்த்தார்கள். ஏப்பம் விட்டவனை நிறுத்தி என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். தாளித்த வாசம் வருகிறது என்று ஒருத்தி சொன்னதை வைத்து ஒரு தெருவே இன்னொரு தெருவின் சமையலறைகளைத் தட்டிப் பார்த்தது. முப்பிடாதி ஏதோ செய்வினை வைத்துவிட்டாள் என்று பேச்சு வந்தபோது, துக்கம் கேட்க வந்தவர்களைப் போல நான்கைந்து பெண்கள் அவள் வீட்டுக்குள் போய், அழுதுகொண்டே அடுப்புச் சாம்பலைத் தொட்டுப் பார்த்தார்கள். சாம்பல் சில்லென்றிருந்தது.

"நல்லா உள்ளே வரைக்கும் கையை விட்டுப் பாருங்க மதினி. மேலாக்கத் தொட்டா எப்படித் தெரியும்?" என்றாள் முப்பிடாதி, ஊறவைத்த அவலைத் தின்றுகொண்டே.

அப்புறம் ஒரு காலையில் புகை தெரிந்தது. அது வெயிலுகந்தாளின் கூரையிலிருந்து வந்தது. புகை முதல் நாளிலிருந்தே வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. சாவு கொடுத்த வீடு என்பதால் அந்தத் திசையில் யாரும் பார்க்கவில்லை. ஊர் முழுக்கக் கொம்பையாவுக்குப் பங்காளியாகிவிட, அவள் ஒருத்திதான் ஆகாமல் நின்றிருக்கிறாள். அது நியாயம்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், சொல்லிவிட்டு அரிசியைப் பானையில் போட்டு எடுத்துக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றார்கள். பின்கட்டில் தனியாக இருந்த அவளுடைய சமையலறையில், யார் கொண்டுவந்த பானையானாலும், அவள் கையால் ஏற்றினால் கொதித்தது.

அவள் மறுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. ஒவ்வொரு பானையாக வாங்கி ஏற்றி இறக்கிக் கொடுத்தாள். வாசலில் நின்றவர்கள் அவளுக்கு விறகு கொண்டுவந்து போட்டார்கள், தண்ணீர் எடுத்து ஊற்றினார்கள், யாருடைய பானை முதலில் என்று தங்களுக்குள் சண்டை போட்டார்கள், அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்து அவளையும் சந்தேகப்பட்டார்கள். புருஷன் வெந்த பிறகு இவள் எப்படி இத்தனை நேரம் தீ முன்னால் உட்கார்கிறாள் என்று கேட்டது சோறு வாங்கிப்போன ஒரு வாய்தான்.

ஊர்த் தலைவர் ஜெயக்கொடி ஒரு வழி கண்டுபிடித்தார். செத்து, எடுத்து, கருமாதி முடிந்தால் அடுப்பு பற்றவைப்பதுதானே முறை? அப்படியானால் தடங்கல் கொம்பையா சாகப்போவது அல்ல, இன்னும் சாகாமல் இருப்பது. "எப்படியும் போகப்போற உசுரு. ஆடி வரைக்கும் எதுக்கு இழுக்கணும்? தேதியை முன்னால கொண்டுவரச் சொல்லி ஊர்ப் பேர்ல ஒரு மனு கொடுப்போம்" என்றார். கேட்டவர்கள் தலையை ஆட்டவும் இல்லை, அசைக்காமல் வைத்திருக்கவும் இல்லை.

அதே வாரம் முப்பிடாதியும் ஒரு தாளோடு வீடு வீடாகப் போனாள். புதிதாக ஒரு காரணம் இருந்தால் குடியரசுத் தலைவருக்கு இன்னொரு முறை கருணை மனு அனுப்பலாம் என்று சகாயமேரி சொல்லி, அந்தக் காரணத்தை ஒரே வரியில் எழுதியும் கொடுத்திருந்தார்: கிடங்கின் தாழ்ப்பாளை நான் அறியாமல் போட்டிருக்கக்கூடும். அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் யார் போட்டாலும் போடாவிட்டாலும் வெயிலுகந்தாள் போடவேண்டும், திறந்து போட்டுவிட்டு வந்தேன் என்ற அவளுடைய சொல்லில்தான் உன் தம்பியின் கழுத்து தொங்குகிறது என்றும் அவர் சொல்லியிருந்தார்.

மாசானம் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதுக்குப் பின்னால வேற ஏதும் எழுதியிருக்கா தாயி?"

"நீங்களே திருப்பிப் பாருங்க மாமா."

திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு ஜீப்பு எங்க வாசல்ல வந்து நிக்கும். உன் தம்பியை இறக்கிட்டு என்னை ஏத்துவான்" என்றார். அழகர் பேனாவை வாங்கினான், மூடியைக் கழற்றினான், மறுபடி மூடிக் கொடுத்தான். ஒவ்வொரு வாசலிலும் அந்த ஒரு வரியைப் படித்தவர்கள் தங்கள் வலது கையை ஒரு முறை பார்த்துக்கொண்டார்கள். பார்த்ததை முப்பிடாதி பார்த்துவிட்டாளா என்றும் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு கையெழுத்தும் இல்லாத தாளோடு, ஒரு முன்பகலில், அவள் வெயிலுகந்தாள் வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் பானைகள் வரிசையாக இருந்தன, பானைக்காரர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள், ஜெயக்கொடி மட்டும் நாற்காலியில் இருந்தார். அவள் கையில் பானை இல்லை என்பதை எல்லாரும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள்.

"என்னத்தா, அரிசியைக் காணோம், காகிதம் வருது?" என்றார் ஜெயக்கொடி.

"மதினியைப் பாக்க வந்தேன் அண்ணாச்சி."

"பாத்துட்டுப் போ. அதைக் காட்டாதே." அவர் எழுந்து வந்து, அவளுக்கு மட்டும் கேட்கட்டும் என்று நினைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இந்தா பாரு, ஊருக்குன்னு இருக்கிறது இந்த ஒரு அடுப்பு. அவ இதுல கையெழுத்துப் போட்டா அவளும் பங்காளி. அப்புறம் இதுவும் அவிஞ்சிரும். பிள்ளைகுட்டிக்காரங்க வயித்துல அடிச்சிட்டுத்தான் உன் தம்பியைக் காப்பாத்தணுமா?"

நிழலில் இருந்தவர்கள் அதுவரை அதை யோசித்ததில்லை. யோசித்ததும் அவரவர் பானையைப் பிடித்துக்கொண்டார்கள்.

உள்ளேயிருந்து வெயிலுகந்தாளின் குரல் வந்தது. "யாரு? முப்பிடாதியா? உள்ளே வா."

கிடங்கு எரிந்த பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை. அதற்கு முன்னால் ஒரே தீப்பெட்டி ஆபீசில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கியவர்கள். முப்பிடாதி குனிந்து சமையலறைக்குள் போய், அடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். யாருடைய சோறோ கொதித்துக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிட்டேன்னு எழுதி வாங்க வந்தியா?"

"இல்லை மதினி. அதைக் கேக்க எனக்கு வாய் வராது. அவன் வச்ச தீயிலதான் அண்ணன் போனாரு. அவன் உள்ளேயே கிடக்கட்டும். சாக வேண்டாம்னுதான் வந்தேன்." தாளை நீட்டினாள். "தாழ்ப்பாளைப் பத்தி ஒரு வரிதான்."

வெயிலுகந்தாள் அதைப் படித்தாள்.

"அப்ப நான்தான் என் புருஷனை உள்ளே வச்சுப் பூட்டினேங்கிறே."

"நான் அப்படிச் சொல்லலை."

"வேற என்ன இது? ஊர்ல ஒருத்தரையும் விடாம கேட்டுட்டு, கடைசியா, தாலி அறுத்தவகிட்டயே வந்திருக்கே. காப்பி கொடுத்தேன், டம்ளரை வாங்கினேன், வந்தேன். கதவு திறந்து கிடந்துச்சு. எனக்குத் தெரியாதா? என் கையி எனக்குத் தெரியாதா?"

அந்த நேரம் வெளியே ஒரு ஆடு யாருடைய அரிசியிலோ வாயை வைத்தது. முற்றத்தில் கூச்சல் கிளம்பியது. "இருடி, வாரேன்" என்று வெயிலுகந்தாள் எழுந்து, ஆட்டை வைதுகொண்டே வெளியே போனாள்.

முப்பிடாதி காத்திருந்தாள். பானை பொங்கி, கஞ்சி வழிந்து, தீ சீறிப் புகையைக் கக்கியது. கண் எரிந்தது. எழுந்து கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை. மறுபடி தள்ளினாள். வெளியே தாழ் போட்டிருந்தது.

அந்தச் சின்ன அறையில் புகையும் அவளும் அடுப்பும் இருக்க, முப்பிடாதிக்கு ஒரு நினைப்புத்தான் வந்தது: வேண்டுமென்றே செய்கிறாள். உன் தம்பி செய்தது இதுதானே, நீயும் பார் என்கிறாள். அவளுக்குக் கத்தக்கூட வெட்கமாக இருந்தது. இருமல் வந்ததும் வெட்கம் போய்விட்டது. இரண்டு கையாலும் கதவை அடித்தாள்.

"மதினி! மதினி! திறங்க!"

முற்றத்தில் ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற வெயிலுகந்தாள் திரும்பினாள். தாழிட்ட கதவையும் அதன் இடுக்கில் வரும் புகையையும் பார்த்தாள். ஆட்டை விட்டுவிட்டு ஓடினாள்.

"எந்தப் பாவி தாழைப் போட்டது? உள்ளே ஆளு இருக்கே, கண்ணு தெரியலையா? யாருங்க போட்டது? அண்ணாச்சி, நீங்களா?"

ஜெயக்கொடி இல்லை என்று தலையை ஆட்டினார். பானைகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் அழகர்தான் சொன்னான், மெதுவாக, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"நீங்கதான் சித்தி. வெளியே வரும்போது இழுத்துவிட்டுட்டு வந்தீங்க."

"நானா?"

பானைக்காரர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"நான் ஆட்டைல்ல விரட்ட வந்தேன்" என்றாள் வெயிலுகந்தாள். தன் வலது கையைப் பார்த்தாள். அது தாழ்ப்பாளின் மேல் இருந்தது. அதை இழுத்துத் திறந்தாள்.

முப்பிடாதி வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். வெயிலுகந்தாள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு உள்ளே போய், தரையில் கிடந்த தாளை எடுத்துக்கொண்டு வந்து, முற்றத்தில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்தாள்.

"பேனா."

"வெயிலு, கொஞ்சம் பொறு" என்றார் ஜெயக்கொடி. "இன்னைக்குத் தாழைப் போட்டா அன்னைக்கும் போட்டதா அர்த்தமா? யோசிச்சுப் பாரு."

"அன்னைக்குப் போட்டேனான்னு எனக்குத் தெரியலை அண்ணாச்சி. போடலைன்னுல்ல கூண்டுல ஏறிச் சொல்லியிருக்கேன்."

"அடுப்பு அவிஞ்சிரும்மா. என் வீட்ல பச்சைப்பிள்ளை இருக்கு" என்று ஒருத்தி அழுதாள். "என் பானை பாதிதான் வெந்திருக்கு, அது மட்டும் இறங்கட்டுமே" என்று இன்னொருத்தி கெஞ்சினாள். ஒருவர் பேனாவைத் தன் சட்டைப்பைக்குள் தள்ளி மறைத்தார். முப்பிடாதி தன்னுடையதை நீட்டினாள். அந்தப் பேனாவையும் எல்லாரும் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

வெயிலுகந்தாள் எழுத்துக் கூட்டி, தன் பெயரை முழுதாக எழுதினாள். கடைசி எழுத்தின் மேல் புள்ளி வைத்ததும் சமையலறைக்குள் பானை கொதிக்கும் சத்தம் நின்றது. யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

அந்த அமைதியில் முதலில் அசைந்தது அழகர். அவன் வந்து அவளுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, "அன்னைக்கு நான் லாரியை நிறுத்திட்டு அந்தக் கிடங்குச் சந்து வழியாத்தான் வந்தேன் சித்தி" என்று சொல்லி, பேனாவை வாங்கினான். அப்புறம் பாதி வெந்த பானைக்காரி வந்தாள். அப்புறம் மாசானத்தை யாரோ கூட்டிவந்தார்கள். அவர் தாளை மறுபடி திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். மனது மாறிப் போட்டார்களா, காக்க இனி ஓர் அடுப்பும் இல்லை என்று போட்டார்களா, பக்கத்து வீட்டுக்காரன் போட்டுவிட்டான், நாம் போடாவிட்டால் தாழிட்டது நாம்தான் என்று ஆகிவிடும் என்று பயந்து போட்டார்களா, அது அவரவருக்கே தெரியாது. ஜெயக்கொடி நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, எல்லாருக்கும் கீழே, கொஞ்சம் இடம் விட்டு, கிறுக்கலாகப் போட்டார். வேறு யாராவது படித்தால் அது அவர் பெயர்தான் என்று நிரூபிக்க முடியாது.

தாளைச் சகாயமேரி டெல்லிக்கு அனுப்பினார். ஆவரங்குளம் அவலும் வாழைப்பழமும் வெளியூரிலிருந்து வந்த பொட்டலங்களும் தின்று காத்திருந்தது. ஊரெல்லாம் சாவு வீடாகிவிட்டதால், பக்கத்து ஊர்க்காரர்கள் முறைப்படி அண்டாவில் சோறு கொண்டுவந்து எல்லையில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனார்கள். ஆடி வந்தது. தூக்கை நிறுத்திவைத்திருப்பதாக ஒரு செய்தி வந்தது; யாரும் நம்பவில்லை. ஆடி கழிந்தது. தூக்கு இல்லை, ஆயுள் முழுக்கச் சிறை என்று இன்னொரு செய்தி வந்தது. அன்று ஊரில் அடுப்புகள் எரிந்தன. யார் வீட்டில் முதலில் எரிந்தது என்பதில் இன்றுவரை தகராறு இருக்கிறது. முதலில் எரிந்த வீட்டுக்காரருக்குத்தான் கொம்பையாவிடம் பங்கு குறைவு என்று பேச்சு கிளம்பிவிட்டதால், ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில்தான் முதலில் எரிந்தது என்கிறார்கள். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுப் போய் நம்பாமல் இருக்கிறார்கள்.

புரட்டாசியில் முப்பிடாதி தம்பியைப் பார்க்கச் சிறைக்குப் போனாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் முன் இருக்கையில் வெயிலுகந்தாள் இருப்பதைப் பார்த்தாள். இறங்கும் இடத்தில் சேர்ந்தே இறங்கினார்கள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கொம்பையா வந்து நின்றான். அக்காவைப் பார்த்துச் சிரித்தவன், பக்கத்தில் நிற்பவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் குவித்து, பின்னால் நகர்ந்தான்.

"கும்பிடாதே" என்றாள் வெயிலுகந்தாள். "கையைக் கீழே போடு."

போட்டான்.

"மதினி, உங்களாலதான் நான்..."

"தீ வச்சது நீ. அதை நான் மன்னிக்கலை. மன்னிக்கவும் மாட்டேன். தாழ் போட்டது யாருன்னு எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியுமா?"

அவன் இல்லை என்று தலையசைத்தான்.

"அது தெரியிற வரைக்கும் நீ சாகக் கூடாது" என்றாள் அவள். "நானும் அப்படித்தான் இருக்கேன்."